ஒரு கணினியும் இரு அஞ்சற்பெட்டிகளும்

கடிதம் எவருடைய பெயருக்கு வருகின்றதோ அவருக்கே அது உரியது என்பது தபால் வழக்கத்தில் ஊறிப்போன முறையாகும். தபாற்காரர் படலையில் மணியடித்துக் கொடுத்துச் செல்லும் கடிதங்களை வீட்டிலுள்ள எவரும் வாங்கலாம். வாங்கியவர் உறையின் மேலுள்ள பெயரைப் பார்த்து, தமக்குரியதைத் தாம் எடுத்துக்கொண்டு, மற்றவருக்குரியதை மேசைமேல் வைத்துவிடுவார். உறையைக் கிழிக்கும் உரிமை பெயருக்குரியவரைச் சார்ந்தது. ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் இம்முறையை எவரும் சொல்லிக்கொடாமலே கைக்கொண்டு வந்தனர்.

மின்னஞ்சல் வீட்டுக்குள் நுழைந்தபோது இவ்வழக்கம் பல இல்லங்களிற் சத்தமின்றி மறைந்துபோயிற்று. வீட்டுக்கு ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது போலவே, வீட்டுக்கு ஒரு மின்னஞ்சல் முகவரியும் போதும் என்று பலர் எண்ணினர். கணினி ஒன்று; அதனை இயக்கத் தெரிந்தவரும் பெரும்பாலும் ஒருவர்; ஆகவே பெட்டியும் ஒன்றாகவே அமைந்தது. ஆனால் மின்னஞ்சலுக்குக் கிழிக்கவேண்டிய உறை இல்லை. பெட்டியைத் திறப்பவர் கண்முன் அனைத்துக் கடிதங்களும் ஒருங்கே விரிகின்றன. இதனால் விளையும் இடர்கள் எவை, இருவர் பயன்படுத்தும் ஒரே கணினியில் அவர்தம் கடிதங்களை முறையாகப் பிரிப்பது எவ்வாறு என்பன ஆராயத்தக்கன.

பாடசாலையிற் கற்பிக்கும் ஆசிரியை ஒருவரும், அரச சேவையிலிருந்து ஓய்வுபெற்ற அவருடைய கணவரும் வாழும் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். வெளிநாடு செல்லுமுன் மகன் அமைத்துக் கொடுத்த முகவரி ஒன்றே இருவருக்கும் பொதுவாக உள்ளது. காலையிற் கணவர் பெட்டியைத் திறக்கின்றார். அதிபர் அனுப்பிய அறிவித்தல் ஒன்று அதிற் காணப்படுகின்றது. தமக்குரியதன்று என்று கண்டு அதனை மூடிவிடுகின்றார். படிக்கப்படாத கடிதங்களின் தலைப்பைத் தடித்த எழுத்திற் காட்டுவது அஞ்சற் செயலிகளின் வழக்கம். ஒருவர் திறந்ததும் அத்தடிப்பு நீங்கிவிடும். மாலையிற் பெட்டியைப் பார்க்கும் மனைவிக்கு அக்கடிதம் முன்னரே படித்த பழைய கடிதம் போலத் தோன்றுகின்றது. மறுநாட் காலைக் கூட்டத்துக்கு அவர் செல்லவில்லை. இருவரிடத்தும் குற்றமில்லை, குற்றம் பெட்டியின் அமைப்பில் உள்ளது.

இடர் இவ்வளவில் நிற்பதில்லை. அப்பெட்டியிலிருந்து செல்லும் கடிதங்கள் யாவும் ஒரே பெயரைத் தாங்கிச் செல்கின்றன. மனைவி எழுதிய மறுமொழி கணவரின் பெயரில் அதிபரைச் சென்றடைகின்றது. இனி, ஆசிரியையின் தங்கை தனக்கு வந்துள்ள நோயைப் பற்றித் தமக்கைக்கு மட்டுமென்று எழுதுகின்றாள் எனக் கொள்வோம். அவள் தன் மனத்தைத் திறந்தது தமக்கையிடம். படிப்பவரோ அன்று காலை பெட்டியை முதலில் திறந்தவர். இங்கே வெளிப்படுவது பெட்டியைப் பகிர்ந்துகொள்ள உடன்பட்ட இருவரின் செய்தி மட்டுமன்று. அவ்வுடன்பாட்டை அறியாத மூன்றாம் ஒருவரின் மறைபொருளும் வெளிப்படுகின்றது.

எல்லாவற்றிலும் பாரதூரமான விடயம் மற்றொன்று. வங்கி, வைத்தியசாலை, வணிக நிலையம் ஆகியவற்றின் இணையச் சேவைகள் பலவற்றிற் கடவுச்சொல்லை மறந்தவருக்குப் புதிய கடவுச்சொல் அமைக்கும் வழி அவருடைய மின்னஞ்சலுக்கே அனுப்பப்படுகின்றது. எனவே மின்னஞ்சற்பெட்டி கடிதம் வைக்கும் இடமாக மட்டும் இருப்பதில்லை. ஏனைய அலுமாரிகளின் திறப்புகள் தொங்கும் ஆணியும் அதுவே. கணவன் மனைவி இருவரிடையே நம்பிக்கை நிறைந்திருப்பினும், ஒருவர் கவனக்குறைவாக வஞ்சகர் அனுப்பிய பொய்க் கடிதமொன்றை நம்பிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டால், இருவருடைய திறப்புகளும் ஒரே வேளையிற் பறிபோகின்றன.

ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்வதால் எழும் இச்சிக்கல் புதியதன்று. மின்னஞ்சல் என்பதே பகிரப்பட்ட கணினியிற் பிறந்தது. 1961 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பெர்ணான்டோ கோர்பாட்டோவும் அவருடைய குழுவினரும் நேரப் பகிர்வு முறைமை ஒன்றைச் செயற்படுத்திக் காட்டினர். அறை நிறைந்த பெருங்கணினி ஒன்றைப் பலர் தத்தம் தட்டச்சு முனையங்களிலிருந்து ஏககாலத்திற் பயன்படுத்த அது வழிசெய்தது. பலருடைய கோப்புகள் ஓரிடத்தில் இருந்தமையால், எவருடையது எது என்று பிரித்தறியவேண்டிய தேவை எழுந்தது. அதற்கு அவர்கள் கண்ட வழியே ஒவ்வொருவருக்கும் தனிக் கடவுச்சொல் வழங்குவது. அதே முறைமையில் 1965 ஆம் ஆண்டில் தொம் வான் விளெக், நோயல் மொறிஸ் ஆகிய இருவரும் ஒரு பயனர் மற்றொரு பயனருக்குச் செய்தி விட்டுச்செல்லும் கட்டளையொன்றை எழுதினர். செய்தி பெறுபவரின் பகுதியில் அஞ்சற்பெட்டி என்னும் பெயருடைய கோப்பிற் போய்ச் சேர்ந்தது.

கணினி விட்டுக் கணினிக்குக் கடிதம் சென்றது இதன் பின்னரே. 1971 ஆம் ஆண்டில் றே தொம்லின்சன் என்னும் பொறியியலாளர், ஆர்ப்பாநெற் வலையமைப்பினால் மட்டும் இணைக்கப்பட்டு அருகருகே நின்ற இரு கணினிகளுக்கிடையே செய்தி அனுப்பினார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் வேறுபடுத்திக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த குறியே இன்றும் ஒவ்வொரு மின்னஞ்சல் முகவரியின் நடுவிலும் நிற்கின்றது. அக்குறியின் இடப்பக்கம் ஆளைக் குறிப்பது. வலப்பக்கம் இடத்தைக் குறிப்பது. ஓரிடத்தில் பலர் இருப்பர் என்பதும், ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் உண்டு என்பதும் முகவரியின் அமைப்பிலேயே கொள்ளப்பட்டுள்ளன. ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி என்ற வழக்கம் இவ்வமைப்பின் நோக்கத்துக்கே மாறானது.

பிரிக்கும் வழிகளுள் பலர் முதலில் நாடுவது, முகவரியை ஒன்றாகவே வைத்துக்கொண்டு கடிதங்களை வகைப்படுத்துவதாகும். பாடசாலையிலிருந்து வருவன ஒரு மடலகத்துக்கும், ஓய்வூதியம் பற்றி வருவன மற்றொரு மடலகத்துக்கும் தாமாகச் செல்லுமாறு அஞ்சற் செயலியில் விதிகள் அமைக்கலாம். ஜிமெயில் போன்ற சில சேவைகளில், முகவரியிலுள்ள பெயரின் பின் கூட்டற் குறியும் ஒரு சொல்லும் சேர்த்து எழுதினாலும் கடிதம் அதே பெட்டியை வந்தடையும். இவ்வாறு கணவருக்கு ஒரு சொல்லும் மனைவிக்கு ஒரு சொல்லும் வைத்துக்கொண்டு கடிதங்களை வேறுபடுத்துவோரும் உளர்.

எனினும் இது வகைப்படுத்தலேயன்றிப் பிரித்தல் ஆகாது. அலுமாரியின் இரு தட்டுகளில் இருவருடைய கடிதங்களையும் அடுக்கி, அலுமாரியைத் திறந்தே வைப்பதற்கு இது ஒப்பாகும். வகைப்படுத்தலும் எப்போதும் பிழையின்றி நடைபெறுவதில்லை. மின்னஞ்சலுக்கும் கண்ணுக்குத் தோன்றாத உறை ஒன்று உண்டு. 1982 ஆம் ஆண்டில் யொன் பொஸ்ரல் வரைந்த அஞ்சற் பரிமாற்ற விதிகளின்படி, கடிதத்தைக் கொண்டுசெல்லும் சேவையகங்கள் இவ்வுறையிலுள்ள முகவரியைக் கொண்டே அதனை ஒப்படைக்கின்றன. கடிதத்தின் தலைப்பில் வாசகர் காணும் பெறுநர் பெயர் உள்ளே வைக்கப்பட்ட தாளில் எழுதிய பெயர் போன்றது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. மறைபடியாக அனுப்பப்படும் கடிதத்தில் அதனைப் பெறுபவரின் பெயர் தலைப்பிற் காணப்படாது. தலைப்பைப் பார்த்து வகைப்படுத்தும் விதி அத்தகைய கடிதத்தை எங்கே சேர்ப்பது என்று அறியாமற் பொதுப் பெட்டியில் விட்டுவிடும்.

அடுத்த வழி இருவருக்கும் இரு முகவரிகள் பெற்று, அவ்விரண்டையும் ஒரே அஞ்சற் செயலியில் அமைப்பதாகும். இதனால் அனுப்புநர் பெயர் மாறிச் செல்லும் இடர் பெரும்பாலும் நீங்குகின்றது; வரும் கடிதங்களும் இரு பெட்டிகளிற் சேர்கின்றன. ஆயினும் இரு பெட்டிகளும் ஒரே திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. செயலியைத் திறப்பவர் இரண்டையும் திறக்கலாம். 1999 ஆம் ஆண்டில் வெளிவந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஐந்தாம் பதிப்பில், ஒரே செயலியை இருவர் வேறுவேறாகப் பயன்படுத்துவதற்கென அடையாளங்கள் என்னும் வசதி சேர்க்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் அடையாளத்துக்கும் கடவுச்சொல் இடவும் முடிந்தது. அது மறைப்பாக இருந்ததேயன்றிக் காவலாக இருக்கவில்லை. கடிதங்கள் சேமிக்கப்பட்ட கோப்புகள் கணினியிற் பூட்டின்றியே கிடந்தன. பின்னர் வந்த விண்டோஸ் விஸ்ராவின் அஞ்சற் செயலியில் இவ்வசதி கைவிடப்பட்டது. இன்று தண்டர்பேர்ட் செயலியில் இருவருக்கு இரு சுயவிவரங்கள் அமைக்கலாம். அவையும் ஒழுங்குக்கு உதவுவனவே. ஒருவர் மற்றவரின் சுயவிவரத்தைத் திறப்பதை அவை தடுப்பதில்லை.

அஞ்சற் செயலியை விடுத்து, இணைய உலாவியின் வழியாகவே கடிதம் பார்ப்போர் இன்று மிகப் பலர். 1996 ஆம் ஆண்டில் ஹொட்மெயிலும், 2004 ஆம் ஆண்டில் ஜிமெயிலும் தொடங்கப்பட்டபின் இவ்வழக்கம் பரவியது. கடிதங்கள் தொலைவிலுள்ள சேவையகத்தில் இருப்பதனால் வீட்டுக் கணினியில் எதுவும் தங்குவதில்லை என்று இவர்கள் எண்ணுவதுண்டு. இவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. ஒருவர் கடவுச்சொல்லை இட்டு உள்ளே சென்றதும், குக்கி எனப்படும் சிறு அடையாளச் சீட்டொன்றைச் சேவையகம் உலாவியிடம் கொடுத்து வைக்கின்றது. பின்னர் அச்சீட்டைக் கண்டே வாயிலைத் திறக்கின்றது. பக்கத்தை மூடுவதால் அச்சீட்டு அழிவதில்லை. வெளியேறுவதற்கான கட்டளையைக் கொடுத்தாலன்றி, அடுத்துக் கதிரையில் அமர்பவருக்கும் அப்பெட்டி திறந்தே இருக்கும். கடவுச்சொல்லை நினைவில் வைத்துக்கொள்ள உலாவிக்கு அனுமதி அளித்திருந்தால், வெளியேறியபின்னும் திறப்பு உலாவியின் கையிலேயே உள்ளது.

மேற்கூறிய வழிகள் யாவற்றிலும் குறைபாடு ஒன்றே. இருவரையும் இருவராக அறியவேண்டிய இடம் கணினியே. ஆனால் கணினியோ முன்னால் அமர்ந்திருப்பவர் எவர் என்பதை அறியாது இருவரையும் ஒருவராகவே கொள்கின்றது. ஆகவே பிரித்தலை அஞ்சற் செயலியினுள்ளோ உலாவியினுள்ளோ தொடங்குவதைவிடக் கணினியின் வாயிலிலேயே தொடங்குதல் வேண்டும். பணிசெயல் முறைமையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் கணக்கை உருவாக்குவதே அதற்குரிய வழி.

வீட்டுக் கணினிகளில் இவ்வசதி தொடக்கத்திற் பெயரளவிலேயே இருந்தது. விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவை கடவுச்சொல் கேட்டபோதிலும், அக்கேள்வியைப் புறக்கணித்து உள்ளே செல்ல எவராலும் முடிந்தது. 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியே, பயனர்களை உண்மையாகப் பிரித்துவைக்கும் அமைப்பை வீட்டுக் கணினிகளுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது. இன்று விற்பனையாகும் விண்டோஸ், மக், லினக்ஸ் கணினிகள் யாவற்றிலும் இவ்வசதி உண்டு; இதற்கெனத் தனிச் செலவு எதுவும் இல்லை. விண்டோஸில் அமைப்புகள் என்னும் பகுதியிலுள்ள கணக்குகள் பிரிவிற் புதிய பயனரைச் சேர்க்கலாம்.

இவ்வாறு செய்ததும் ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பகம், தனி உலாவி அமைப்பு, தனி அஞ்சற் செயலி அமைப்பு ஆகியன வந்துவிடுகின்றன. ஒருவருடைய குக்கிகளும் சேமித்த கடவுச்சொற்களும் மற்றவரின் பகுதிக்குச் செல்வதில்லை. சாதாரண பயனர் ஒருவர் மற்றவரின் கோப்பகத்தைத் திறக்க முயன்றால் முறைமை அவரைத் தடுத்துவிடும். ஆயினும் நிர்வாகி என்னும் அதிகாரம் பெற்ற கணக்குக்கு எல்லா அறைகளையும் திறக்கும் ஆற்றல் உண்டு. ஆதலால் இருவரும் நாளாந்த வேலைக்குச் சாதாரண கணக்குகளையே வைத்துக்கொண்டு, நிர்வாகிக் கணக்கை மூன்றாவதாகத் தனியே அமைத்து, புதிய செயலிகளை நிறுவும்போது மட்டும் பயன்படுத்துதல் நன்று. கணினியை நச்சு நிரல்களிலிருந்து காப்பதற்கும் இம்முறை உதவும்.

கதிரையை விட்டு எழும்போது கணினியைப் பூட்டுதல் வேண்டும். விண்டோஸ் விசையையும் எல் என்னும் எழுத்து விசையையும் ஒருங்கே அழுத்தினால் அது பூட்டப்படும். இப்பழக்கம் இல்லாவிடின் முன் செய்த ஏற்பாடுகள் அனைத்தும் பயனற்றுப்போகும்.

வாயில் இரண்டானபின், முகவரியும் இரண்டாதல் வேண்டும். பழைய பொதுமுகவரியை உடனே அழித்துவிடுதல் தவறு. மின்சாரப் பட்டியல், நீர்ப் பட்டியல், உறவினரின் திருமண அழைப்பு முதலிய வீட்டுப் பொதுக் கடிதங்களுக்கு அது நிலைக்கலாம். தனிப்பட்ட விடயங்கள் எவை எவை அம்முகவரியுடன் இணைந்துள்ளன என்று இருவரும் ஒருநாள் சேர்ந்திருந்து பட்டியல் எழுதவேண்டும். வங்கி, ஓய்வூதியம், வைத்தியம், பாடசாலை என ஒவ்வொன்றாக அவரவர் புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் ஏதேனும் ஒன்று விடுபட்டுப்போகும். சில மாதங்கள் பழைய பெட்டியையும் கவனித்து வந்தால், விடுபட்டவை ஒவ்வொன்றாகத் தாமே வெளிப்படும்.

பழைய கடிதங்களை எடுத்துச் செல்வோர் அஞ்சற் செயலி எம்முறையிற் கடிதங்களைப் பெறுகின்றது என்பதை முன்னர் அறிதல் அவசியம். பொப் என்னும் முறையிற் செயலி சேவையகத்திலிருந்து கடிதத்தை இறக்கி வீட்டுக் கணினியில் வைத்துக்கொள்கின்றது. வேறுவிதமாகப் பணிக்காவிடின் சேவையகத்திலுள்ள பிரதியை நீக்கிவிடுவதும் உண்டு. 1986 ஆம் ஆண்டில் மார்க் கிறிஸ்பின் வகுத்த ஐமாப் முறையில் மூலக் கடிதம் சேவையகத்திலேயே இருக்க, செயலி அதனைக் காட்டுகின்றது. பொப் முறையிற் பல்லாண்டுகள் பெற்ற கடிதங்கள் பழைய பயனர் கணக்கின் கோப்பகத்தில் மட்டுமே இருக்கக்கூடும். அதனை அறியாது பழைய கணக்கை அழித்தால், மறைந்த பெற்றோர் எழுதிய கடிதங்களும் பிள்ளைகளின் முதற் புகைப்படங்களும் அதனோடு அழிந்துவிடும். ஆகவே அழிக்குமுன் பிரதி எடுத்தல் வேண்டும்.

மற்றுமொரு நுட்பம் பலராலும் மறக்கப்படுகின்றது. மனைவியின் புதிய முகவரியை அமைக்கும்போது, மீட்பு இலக்கமாகக் கணவரின் கைத்தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிடுவது வழக்கமாக உள்ளது. பெட்டி மனைவியினது, மீட்கும் அதிகாரமோ கணவரின் தொலைபேசியினது. அத்தொலைபேசி தொலைந்தாற் சிக்கல் இருவருக்கும். ஆதலால் மீட்பு இலக்கமும் அவரவர்க்கு உரியதாக இருத்தல் வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், கணவன் மனைவிக்கிடையே இத்தனை பூட்டுகள் எதற்கு என்று வினவுவோர் இருப்பர். பூட்டு என்றாலே ஐயம் என்று கொள்வதனால் எழும் வினா இது. மேசையில் இருவருக்கும் வெவ்வேறு இலாச்சிகள் இருந்த வீடுகளில் அன்பு குறைந்திருந்ததில்லை. தங்கையின் நோயைத் தமக்கை தன் கணவரிடம் சொல்லக்கூடும், சொல்லாமலும் விடக்கூடும். எதைச் சொல்வது என்று தீர்மானிக்கும் உரிமை அவரிடம் இருப்பதே வேண்டப்படுவது. தானே விரும்பிச் சொல்வதற்கும், சொல்லுமுன்னரே மற்றவர் படித்துவிடுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இலங்கையின் சட்டமும் கணினியை அணுகும் உரிமையைப் பொருட்படுத்துகின்றது. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அதிகாரமின்றி ஒரு கணினியையோ அதிலுள்ள தகவலையோ வேண்டுமென்றே அணுகுதலைக் குற்றமாக்கியுள்ளது. இல்லறம் சட்டப் புத்தகத்தைப் பார்த்து நடப்பதன்று. ஆயினும், எவருடைய கடிதம் எவருக்குரியது என்பது தெளிவாக இருக்கும் வீட்டில் வீண் மனத்தாங்கலுக்கு இடம் குறைவு.

பிரித்துவைத்த பெட்டிக்கு ஒரு குறை உண்டென்பதும் உண்மையே. உரியவர் நோயுற்றுப் படுத்துவிட்டாலோ மறைந்துவிட்டாலோ, எஞ்சியிருப்பவர் திறப்பின்றி நிற்க நேரிடும். காப்புறுதிப் பத்திரமும் மகனின் கடிதமும் உள்ளே இருக்க, துயருற்றிருக்கும் நேரத்தில் அவர் வெளியே நின்று தவிப்பார். இதற்கும் முன்னேற்பாடு செய்யலாம். கூகிள் நிறுவனம் 2013 ஆம் ஆண்டிலிருந்து வழங்கும் ஏற்பாடொன்றின்படி, கணக்குக்கு உரியவர் தாம் குறித்த காலம்வரை அதனைப் பயன்படுத்தாதுவிட்டால், அவர் பெயர் குறித்துவைத்தவருக்குத் தரவுகள் ஒப்படைக்கப்படும். அப்பிள் நிறுவனமும் 2021 ஆம் ஆண்டிலிருந்து இத்தகைய வசதியை அளிக்கின்றது. எளிய வழி ஒன்றும் உண்டு: கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, உறுதிப் பத்திரங்களோடு வைத்தல். கடவுச்சொல் மாறும்போதெல்லாம் அவ்வுறையும் மாறவேண்டும்.

ஒட்டிய உறையின் மேல் ஒருவர் பெயர் இருக்கும். அது எங்கே உள்ளதென்று மற்றவர் அறிவார்; தேவை வரும்வரை அதனைக் கிழிக்கமாட்டார். தபாற்காரர் கொடுத்த கடிதத்தைப் பிரியாமல் மேசைமேல் வைத்த காலத்து வழக்கமும் இதுவே. கணினி அவ்வழக்கத்தை மறக்கச் செய்தது. அதனை மீட்டுக்கொள்ளும் வசதியும் அக்கணினியிலேயே உள்ளது. இருவரும் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கிச் சேர்ந்திருந்து செய்வார்களாயின், அவ்வேலை அன்றே தொடங்கிவிடும்.